அப்பன் கண்ணோடு பிறந்த ஈ

நான் ஆண்பிள்ளைதான். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். பிற்பாடு யாராவது உங்களிடம் வேறு மாதிரி சொன்னால், "எங்க அப்பாவே இதைப் பத்தி எழுதி வச்சிருக்கார், உட்கார்ந்து கேளுங்க" என்று சொல்லி, உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

போன வாரம் பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்: "அப்பா, எங்க வகுப்புல ஒருத்தி சொல்றா, நீங்க ஆம்பளையே இல்லைன்னு அவ வீட்டுல பேசிக்கிறாங்களாம். அதனாலதான் சீனர் வீட்டுப் பிள்ளைங்களை எடுத்து வளர்க்கிறீங்களாம். உங்களை ஈக்காரன்னுதான் சொல்வாங்களாம். அது ஏம்ப்பா ஈக்காரன்?"

சின்னவள் முந்திக்கொண்டாள். "நமக்குப் பழக்கடை இருக்குல்ல? பழம் இருந்தா ஈ இருக்கும்லா."

கெட்டிக்காரத்தனமான பதில். ஆனால் பாதிப் பதில்தான். மீதிப் பாதியை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நிறுத்தியவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. எனக்குப் புரியாததைப் புரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

அப்போது எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஓடியிருந்தது. பிள்ளை இல்லை. பினாங்கு ரோட்டில், மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இதே வாழைப்பழக் கடைதான். பட்டர்வொர்த் பக்கமிருந்து படகில் தார் தாராக வந்து இறங்கும். அதைக் கொக்கியில் மாட்டிப் பழுக்கவிட்டு, சீப்புச் சீப்பாக வெட்டி விற்பேன். என் அண்ணனுக்கு, அதாவது உங்கள் பெரியப்பாவுக்கு, கடைத்தெருவில் துணிக்கடை. அவர்தான் என்னைக் கப்பலில் கூட்டி வந்து ஆளாக்கியவர். அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஆளாக்கியவருக்கு என் வீட்டு அடுப்படி வரைக்கும் அதிகாரம் உண்டு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உங்கள் அம்மாவை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டு எனக்கு வேறு பெண் கட்டுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

என்னைப் பார்க்கிற உறவுக்காரர்கள் எல்லாரும் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு: "அப்பனை உரிச்சு வச்ச மாதிரி இருக்கானே!" அதே மூக்கு, அதே முழி, அதே நடை. அண்ணன் அம்மா ஜாடை. அவருக்கு வீடு நிறையப் பிள்ளைகள். "அப்பன் முகத்தோட பிறந்தவனுக்கு ஒரு பிள்ளை இல்லையே, அந்த முகம் இவனோட போகுதே" என்று ஆளுக்காள் உச்சுக்கொட்டுவார்கள். உங்கள் அம்மா தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இந்தச் சமயத்தில்தான் மாஸ்டர் கடைக்கு வந்தார். உங்களுக்கு அவரைத் தெரியும். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சீனர். என்னைவிடச் சின்ன வயசு. நாங்கள் பேசிக்கொண்டது பசார் மலாய், சந்தையில் எல்லாரும் பேசுகிற மலாய். அதைத் தமிழில் எழுதுகிறேன். பேச்சின் கடைசியில் அவர் 'லா' போட்ட இடத்தில் மட்டும் அந்த 'லா' அப்படியே இருக்கட்டும்.

"அண்ணே, பீசாங் மாஸ் வாழைப்பழம் ஒரு சீப்பு குடுங்க. நல்லா அழுகினது."

"அழுகினதா? சீக்காளிக்கா?"

"ஈக்கு லா."

வெயில் அதிகம், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த வாரம் ஒரு ரிக்‌ஷா நிறையப் பால் போத்தல்களோடு வந்து இறங்கினார். ஒவ்வொன்றின் வாயிலும் பஞ்சு அடைத்திருந்தது. உள்ளே சின்னச் சின்ன ஈக்கள். நம் கடையில் பழத்தின் மேல் மொய்க்குமே, எள்ளைவிடச் சிறிய ஈ, அந்த ஜாதி. அவற்றை வெளிநாட்டிலிருந்து ஒரு நண்பர் கப்பலில் அனுப்பினாராம்! வாழைப்பழக் கடைக்காரனிடம் வந்து, கப்பலில் வந்த ஈ என்கிறார். வீட்டில் வைத்திருந்தாராம். அவருடைய தாயார், "ஈ வளர்க்கவா உன்னைக் கப்பலேத்திப் படிக்க வச்சேன்?" என்று தூக்கிப் போடச் சொல்லிவிட்டாராம்.

"பழக்கடை ரொம்ப மோசமான இடம், அண்ணே. உங்க ஈ என் ஈயோட கலந்துடும். ஆனா எனக்கு வேற இடமில்லை லா."

கடைக்குப் பின்னால் ஒரு பலகைத் தட்டு சும்மாதான் இருந்தது. வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் அம்மா அந்தப் போத்தல்களைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏங்க, வீட்டுல பிள்ளை இல்லைன்னு ஈ வளர்க்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் வலிக்கும். அதே அம்மாதான் பிறகு மாஸ்டருக்குக் கடற்பாசி அகர் அகர் காய்ச்சிக் கொடுத்தாள். பழத்தைப் பிசைந்து, அகர் அகரோடு கலந்து, மேலே ராகி கொஞ்சம் தூவினால் (கேழ்வரகு இல்லை, மலாய்க்காரர்கள் தப்பாய் செய்யச் சோற்றைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட்) அதுதான் ஈக்குச் சாப்பாடு. மாஸ்டர் அவளை அக்கா என்பார். அவள் தம்பி என்பாள். அவளுக்கு இந்த ஊரில் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் சனிக்கிழமைகளில் வருவார். மயக்க மருந்தை ஒரு சொட்டு காட்டி ஈக்களைத் தூங்க வைத்து, வெள்ளைத் தட்டில் கொட்டி, பூதக்கண்ணாடியால் பார்த்துப் பிரிப்பார். என்னையும் பார்க்கச் சொன்னார். வால் பக்கம் கறுத்திருந்தால் ஆண். கொஞ்சம் பெரிசாகக் கூர்மையாக இருந்தால் பெண். அதெல்லாம் ஒன்றுமில்லை. கண்தான் விஷயம். நம் கடை ஈக்களுக்குச் செக்கச்செவேல் என்று கண். கப்பலில் வந்ததில் ஒரு கூட்டத்துக்கு வெள்ளைக் கண், சுண்ணாம்பு மாதிரி.

வெள்ளைக் கண் பெண்ணையும் சிவப்புக் கண் ஆணையும் ஒரு போத்தலில் விட்டார். பத்துப் பன்னிரண்டு நாளில் பிள்ளைகள் இறக்கை முளைத்து வந்துவிட்டன. பெண்கள் எல்லாருக்கும் அப்பன் கண், சிவப்பு. பையன்கள் எல்லாருக்கும் அம்மா கண், வெள்ளை.

"என்ன மாஸ்டர் இது? பையன் ஒருத்தன்கூட அப்பன் மாதிரி இல்லையே. எங்க ஆளுங்க பார்த்தா அந்தப் பொம்பளையைச் சந்தேகப்படுவாங்க."

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பழம் சுற்றுகிற காகிதத்தை எடுத்துப் படம் போட்டார். உயிருள்ள எதுவானாலும் அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நூல்கள் இருக்கின்றன. அதற்குக் குரோமோசோம் என்று பெயர். அப்பனிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வந்து ஜோடி சேரும். ஒரு ஜோடி மட்டும் விசேஷம். பெண் ஈயிடம் அந்த ஜோடியில் இரண்டும் ஒரே மாதிரி, குச்சி போல. அதற்கு எக்ஸ் என்று பெயர். ஆண் ஈயிடம் ஒன்று எக்ஸ், இன்னொன்று நுனி வளைந்தது. அதற்கு ஒய் என்று பெயர். அவர் போட்ட படத்தில் அது நம் கடையில் தார் மாட்டுகிற கொக்கி மாதிரியே இருந்தது. நான் கொக்கி என்றே எழுதுகிறேன்.

கண்ணின் நிறம் எக்ஸில் இருக்கிறது. பையனுக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து. அப்பன் அவனுக்குக் கொடுப்பது கொக்கியைத்தான். அதனால்தான் பையனுக்கு அம்மா கண்.

"அப்போ அந்தக் கொக்கியில என்ன மாட்டியிருக்கு?"

"ஒண்ணுமில்லை லா. அநேகமா காலி. அப்படித்தான் சொல்றாங்க."

"காலிக் கொக்கியை எதுக்குப் பரம்பரை பரம்பரையா அப்பன் மகனுக்குக் கொடுக்கிறான்?"

அதற்கு அவர் சொன்னதை நான் பிற்பாடு பல பேரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆதியில் கொக்கியும் எக்ஸும் சமமான ஜோடியாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று சில ஆராய்ச்சிக்காரர்கள் நினைக்கிறார்களாம். எக்ஸ், பெண்ணின் உடம்பில் இன்னொரு எக்ஸோடு சேர்ந்திருக்கும். அங்கே இரண்டும் துண்டு துண்டாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். ஒன்றில் பழுது இருந்தால் மற்றதிலிருந்து நல்லதை எடுத்துக்கொள்ள வழி உண்டு. கொக்கிக்கு அந்த வழி இல்லை. அது அப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று தனியாகவே போகும். யாரோடும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. விழுந்த பழுது விழுந்தபடியே இருக்கும். அப்படியே எத்தனையோ காலம் போய், இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொலைத்துவிட்டது.

"இது ஊகம்தான், அண்ணே. யாரும் கூட இருந்து பார்க்கலை" என்றும் சொன்னார். அதையும் எழுதிவிடுகிறேன்.

இனிமேல்தான் நான் செய்த தப்பு வருகிறது. நம் ஆட்கள் யாராக இருந்தாலும் இதே தப்பைத்தான் செய்திருப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை மாஸ்டர் வெள்ளைத் தட்டைப் பார்த்தவர் அப்படியே நிமிர்ந்து என்னை முறைத்தார். வெள்ளைக் கண் பையன்கள் கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு பையனுக்குச் சிவப்புக் கண்.

"அண்ணே, உங்க கடை ஈ என் போத்தலுக்குள்ள புகுந்துருச்சு."

"பஞ்சை அடைச்சது நீங்க. என் கடை ஈ மேல ஏன் பழி போடுறீங்க?" என்றேன். பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ஆகா, என்ன கம்பீரம்! அப்பனை உரித்து வைத்த மாதிரி இருந்தான். "மாஸ்டர், இவன்தான் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. மத்தவனுங்களை விடுங்க. இவனை வச்சு வம்சத்தை வளருங்க."

மாஸ்டர் யோசித்தார். "ரெண்டுல ஒண்ணு. உங்க கடை ஈயா இருந்தா இவனுக்குப் பிள்ளை பிறக்கும். இந்தத் தாய்க்கே பிறந்தவனா இருந்தா, பிறக்காது."

"என்ன பேச்சு பேசறீங்க? பெத்த பிள்ளைக்குப் பிள்ளை பிறக்காதா?"

"அப்பன் கண் இவனுக்கு வரணும்னா அப்பனோட எக்ஸ் வந்திருக்கணும். ரெண்டு எக்ஸ் இருந்தா பெண்ணாயிடும். இவன் ஆம்பளைங்கிறதால அம்மாவோட எக்ஸ் வந்திருக்காது. அம்மா முட்டையில எக்ஸ் விழாம போயிருக்கு. அபூர்வமா அப்படி நடக்கும். அப்போ இவன்கிட்ட ஒரே ஒரு எக்ஸ்தான். கொக்கி இல்லை."

"கொக்கி இல்லாம எப்படி ஆம்பளையா இருக்கான்?"

"ஈயில கொக்கி ஆம்பளையை உண்டாக்கிறதில்லை, அண்ணே. எக்ஸ் எத்தனை, மத்த குரோமோசோம் எத்தனை, அந்தக் கணக்குலதான் ஆணா பெண்ணான்னு ஆகுது. ரெண்டு எக்ஸோட ஒரு கொக்கியும் சேர்ந்து வந்தா அது பெண்தான், முட்டை போடும். கொக்கி இல்லாதவன் ஆம்பளைதான். ஒரு குறை இல்லை. பிள்ளை மட்டும் பிறக்காது. காலின்னு சொன்னேனே, அந்தக் காலிக் கொக்கியில அது ஒண்ணு மட்டும் மிச்சமிருக்கு."

நான் நம்பவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவன் யார் நம்புவான்? அவனைத் தனிப் போத்தலில் விட்டு, புதிதாகப் பிறந்த வெள்ளைக் கண் பெண்கள் சிலரையும் விட்டோம். நான் தினமும் காலையில் கடை திறந்ததும் முதலில் அந்தப் போத்தலைத்தான் பார்ப்பேன். அவன் சும்மா இருக்கவில்லை. பெண்ணைச் சுற்றிச் சுற்றி வருவான். ஒரு பக்கத்து இறக்கையை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு படபடவென்று ஆட்டுவான். அது அவர்கள் பாட்டு. மற்ற ஆண் ஈக்கள் செய்வதை எல்லாம் அவனும் செய்தான், ஒன்றையும் விடவில்லை. பக்கத்துப் போத்தல்களில் புழுக்கள் கண்ணாடி மேல் ஏறிக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவன் போத்தலில் பழம் காய்ந்து பூஞ்சணம் பூத்தது. அவ்வளவுதான்.

"பொண்ணுங்ககிட்ட ஏதாவது குறை இருக்கும். வேற பொண்ணு விட்டுப் பாருங்க" என்றேன்.

சொன்னவன் நான். என் வாயாலேயே சொன்னேன்.

மாஸ்டர் மறுக்கவில்லை. புதிதாக வேறு பெண்களை விட்டார். முதலில் இருந்த பெண்களைத் தூக்கிப் போடாமல், சாதாரண வெள்ளைக் கண் ஆண் ஒருவனோடு வேறு போத்தலில் விட்டார். நாட்கள் போயின. இரண்டாவது கல்யாணத்திலும் அவனுக்கு ஒன்றும் பிறக்கவில்லை. அவனிடமிருந்து எடுத்த அந்தப் பெண்கள் இருந்த போத்தலோ கண்ணாடி மறைய மறையப் புழுவாய் நெளிந்தது.

அந்தப் போத்தலை உங்கள் அம்மாவும் பார்த்தாள். விஷயத்தை அவளுக்கு மாஸ்டர் சொல்லியிருந்தார். போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தட்டில் வைத்துவிட்டு, "பாவம், அவன் ஒண்ணும் பண்ணலையே" என்றாள். சிவப்புக் கண்காரனைச் சொன்னாள். அந்தப் பெண்களைச் சொல்லியிருக்கலாம். தன்னைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அவன்தான் கண்ணில் பட்டான்.

நான் மாஸ்டரைக் கேட்டேன், மனுஷனுக்கும் அப்படித்தானா என்று. "மனுஷன் ஈ இல்லை, அண்ணே. மனுஷனுக்கு இது எப்படின்னு எனக்குத் தெரியாது. ஆனா பிள்ளை இல்லாட்டி குறை பெண்கிட்டதான்னு சொல்ல எந்தப் புஸ்தகத்துலயும் இடமில்லை லா" என்றார். எனக்கு அது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டு மாடிக்குக் கூப்பிட்டார்கள். அண்ணனோடு சொந்தக்காரர்கள் இரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெற்றிலைத் தட்டு. பேசி முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது அந்தத் தட்டைப் பார்த்ததுமே தெரிந்தது.

"அடுத்த கப்பல்ல அவளை அனுப்பி வச்சுடு" என்றார் அண்ணன். "அவ அப்பன் வீட்டுல மரியாதையா இருக்கட்டும். உனக்கு மாமன் மகளைப் பேசியாச்சு."

"எதுக்கு அனுப்பணும்?"

"எதுக்கா? அவளுக்குப் பிள்ளை பிறக்கலை."

"எனக்கும்தான் பிறக்கலை."

ஒருவர் சிரித்துவிட்டார். "அதென்னப்பா, குறை உன்கிட்டங்கிற மாதிரி பேசுற?"

"இருக்கலாம்" என்றேன்.

கீழே தெருவில் ஒரு மாட்டு வண்டி போனது. அண்ணன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "மெதுவாப் பேசுடா. வெளியில கேட்கப் போகுது."

"கேட்கட்டும், அண்ணே. அவளை மலடின்னு நீங்க பேசினப்போ ஜன்னல் திறந்துதானே இருந்தது?"

"ஆம்பளை பேசுற பேச்சாடா இது?"

"ஆம்பளை பேசுற பேச்சுதான். பயந்தவன் பேச மாட்டான்."

பிறகு சிவப்புக் கண் ஈயின் கதையைச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். ரெண்டாவது கல்யாணத்தையும் சொன்னேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஊர்ல அவனவன் சாமியைக் கேட்டுக் குடும்பம் நடத்துறான், ஜோசியனைக் கேட்டு நடத்துறான். ஈயைக் கேட்டு நடத்துறவனை இப்பத்தான் பார்க்கிறேன்." மற்ற இரண்டு பேரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். இறங்கிப் போகும்போது அவர்களில் ஒருவர், "வர்றேன் ஈக்காரரே" என்றார். அன்றைக்குத் தொடங்கியது அந்தப் பெயர். எனக்கு அதில் வெட்கமே இல்லை. பெரியவளே, நாளைக்கு அந்தப் பெண்ணிடம் போய், "ஆமாம், ஈக்காரர்தான்" என்று சொல்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள், "உங்ககிட்ட குறைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? என்கிட்டயே இருந்தா?" என்றாள்.

"இருந்தா இருக்கட்டுமே. உன்னைக் கப்பலேத்துறதுக்கு அது ஒரு காரணமா?"

குறை யாரிடம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எந்த டாக்டர் வாசலுக்கும் நாங்கள் போகவும் இல்லை.

அது சீனர்களுக்குப் புலி வருஷம். புலி வருஷத்தில் பெண் பிறந்தால் வீட்டுக்கு ஆகாது, தகப்பனுக்குக் கெடுதல் என்று சில குடும்பங்களில் பயப்படுவார்கள். அப்படிப் பிறந்த பெண்ணைத் தமிழர் வீட்டில் கொடுத்துவிட்டால் நன்றாக இருப்பாள், தமிழர்கள் பாசமாக வளர்ப்பார்கள் என்றும் ஒரு நம்பிக்கை. ஒரு நாள் மாஸ்டர் போத்தல்களைத் தொடவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு பழத்தை உரித்து, தின்னாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என் அக்காவுக்குப் பொண்ணு பிறந்திருக்கு, அண்ணே. அம்மா வீட்டுல வச்சுக்க முடியாதுங்கிறாங்க. அக்கா வீட்டுக்காரரும் அப்படித்தான். நான் குரோமோசோம் பத்தி எல்லாம் சொன்னேன். புலிக்கு முன்னாடி ஈ என்ன பண்ணும்னு கேட்கிறாங்க லா."

உங்கள் அம்மா கடைக்குள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் நின்றுவிட்டாள். "தம்பி, குழந்தை இப்போ எங்க இருக்கு?"

"வீட்டுலதான்."

"பால் குடிச்சுதா?"

அவ்வளவுதான் கேட்டாள். என்னைப் பார்த்தாள். நான் கடைப் பலகையை எடுத்துச் சாத்தினேன். பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு நாங்கள் மூன்று பேரும் போனோம். பெரியவளே, வரும்போது நாலு பேராக வந்தோம்.

அண்ணன் மறுநாளே கடைக்கு வந்தார். உட்காரவில்லை. "நம்ம ரத்தம் இல்லையேடா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அழுகிற மாதிரிச் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"நம்ம ரத்தம், நம்ம ரத்தம்னு யாரோடயும் சேராம, கொடுக்காம வாங்காம இருந்தா என்ன ஆகும் தெரியுமா, அண்ணே? கொக்கிக்கு ஆன கதிதான் ஆகும். இருந்ததெல்லாம் போய் வெறும் கொக்கி மிஞ்சும்."

"அந்தக் கொக்கிதான் வம்சத்துக்கு வேணும்னு நீதானேடா அன்னைக்குச் சொன்னே?"

சரியான கேள்வி. அண்ணன் படிக்காதவர், ஆனால் கேட்டதை மறக்காதவர். நான் சொன்னேன்: "ஈக்கு வேணும், அண்ணே. ஈ முட்டையைப் போட்டுட்டுப் போயிடும். அதுக்கு அதோட வேலை முடிஞ்சது. பிள்ளையை யாரு தூக்குறது, யாரு பால் கொடுக்கிறதுன்னு ஈ பார்க்கிறதில்லை. நாங்க பார்க்கிறோம்."

அவர் படியிறங்கும்போது திரும்பினார். "பார்த்துடலாம். நாளைக்குக் காது குத்தணும்ல? தாய்மாமன் மடியில உட்கார வச்சுத்தானே குத்தணும்? இந்தப் பிள்ளைக்குத் தாய் யாரு, மாமன் யாரு? எந்த மடியில உட்கார வைப்பே?"

இதுதான் அடி. மற்ற பேச்சுக்கெல்லாம் எனக்கு வாய் இருந்தது. காது குத்து என்றால் நாலு பேர் முன்னால் செய்வது. மாமன் மடி இல்லாமல் குழந்தையைத் தரையில் வைத்துக் குத்தினால், இது எடுத்து வந்த பிள்ளை, உறவில் சேராத பிள்ளை என்று நாங்களே முத்திரை குத்தின மாதிரி. அண்ணனுக்குப் பயந்து நம் சொந்தத்தில் எந்த ஆம்பளையும் அந்த மடியைத் தர மாட்டான். அம்மாவுக்கோ கூடப்பிறந்தவன் இந்த ஊரில் இல்லை. குழந்தை தவழ ஆரம்பிக்கும் வரைக்கும் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அம்மாதான் ஒரு சனிக்கிழமை, அகர் அகர் சட்டியைக் கிண்டிக்கொண்டே மாஸ்டரிடம் கேட்டாள்: "தம்பி, இவ அம்மா உங்க கூடப்பிறந்த அக்காதானே?"

"ஆமா, அக்கா."

"அப்போ எனக்கு ஒரு வேலை செய்யணும். தரையில சம்மணம் போட்டு உட்கார வருமா?"

வராது. பார்த்தால் சிரிப்பு வரும். வெள்ளைக் கால்சட்டையோடு உட்கார முயற்சி பண்ணிப் பண்ணி, நம் வீட்டு நடுக்கூடத்தில் இரண்டு வாரம் பழகினார். கொடுத்த பிள்ளையைத் திரும்பப் போய்ப் பார்ப்பது அவர்கள் வீட்டில் ஆகாது. "அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றார் ஒரு நாள். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலை. என்னோட பேசுறதை நிறுத்திட்டாங்க லா."

காது குத்து அன்றைக்குக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் வரவில்லை. கடைத்தெருக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. வந்தவர்களும் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். மாஸ்டர் சிவப்புப் பட்டுத் துணி, ஆரஞ்சுப் பழம், ஒரு ஜோடிச் சின்னத் தோடு எல்லாம் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெரு முனையிலிருந்தே நடந்து வந்தார். ரிக்‌ஷாவில் வந்திருக்கலாம். எல்லாரும் பார்க்க வேண்டும் என்று நடந்து வந்ததாகப் பிறகு சொன்னார்.

பாயில் உட்கார்ந்தார். கால்சட்டையில் எங்கேயோ தையல் விட்ட சத்தம் கேட்டது. யாரும் சிரிக்காமல் இருக்க உங்கள் அம்மா ஒரு சுற்றுப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். ஆசாரி ஊசியைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

அப்போதுதான் வாசலில் அண்ணன் வந்து நின்றார். வரமாட்டார் என்றுதான் இருந்தேன். செருப்பைக் கழற்றவில்லை. மடியைப் பார்த்தார், மடியில் இருந்தவளைப் பார்த்தார்.

"இது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா பதில் சொன்னாள்: "தாய்மாமன்."

"யாரோட தாய்க்கு?"

"ரெண்டு தாய்க்கும்" என்றாள். "பெத்தவளுக்குக் கூடப்பிறந்த தம்பி. எனக்கு நான் தம்பின்னு கூப்பிட்டு வர்ற தம்பி. இதைவிடப் பெரிய தாய்மாமன் இந்தப் பினாங்குல எந்தப் பிள்ளைக்காவது இருந்தா கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்."

ஆசாரி அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மாஸ்டரிடம் தமிழிலேயே, "தலையை நல்லாப் பிடிச்சுக்குங்க மாமா" என்றார். அந்த 'மாமா' என்ற வார்த்தையை மாஸ்டர் புரிந்துகொண்டார். ஈயை இறகால் தள்ளித் தள்ளிப் பிரித்த அதே கையால் குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. வாசலிலேயே நின்றார். என்னிடம் ஒருவர் வந்து காதோடு காதாக, "கதவைக் கொஞ்சம் சாத்தலாமே, தெருவெல்லாம் பார்க்குது" என்றார்.

நான் போய் இன்னொரு கதவையும் திறந்து, கல்லை வைத்து முட்டுக்கொடுத்தேன். ஊசி இறங்கியது. பெரியவளே, நீ போட்ட கூச்சல் பினாங்கு ரோடு முழுக்கக் கேட்டிருக்கும்.